டிஷ்வாஷர்: ஓடி முடிந்ததும் காலி, காலையில் கலங்கல் தண்ணீர், கதவடியிலும் கசிவு

ஈரத்தரை எழுதியது:

மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்து, வடிகால் பம்பையும் கதவு ரப்பரையும் மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாற்றுவதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அவர் இயந்திரத்தை ஓடவிட்டே பார்க்கவில்லை. கதவைத் திறந்தார், மூக்கைச் சுளித்தார், பட்டியல் எழுதினார். அவ்வளவுதான் பரிசோதனை.

நடப்பது இதுதான். இரவு டிஷ்வாஷர் ஓடி முடிந்தவுடன் திறந்தால் உள்ளே அடித்தளம் காலியாக இருக்கிறது. பாத்திரங்களும் பளிச்சென்று இருக்கின்றன. காலையில் திறந்தால் வடிகட்டி மூழ்கும் அளவுக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் நிற்கிறது. மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். டிஷ்வாஷர் பொடியின் வாசனை அதில் துளியும் இல்லை. சிங்க் அடைத்துக்கொண்டால் ஒரு வாடை வருமே, அதுதான் வருகிறது.

இதோடு கதவுக்குக் கீழே தரையிலும் தண்ணீர். சில நாள் ஒரு துணி முழுக்க நனையும் அளவுக்கு இருக்கிறது, சில நாள் ஒரு சொட்டும் இல்லை. அதே புரோகிராம், அதே பொடி, ஏறக்குறைய அதே பாத்திரங்கள். இந்தச் சீரற்ற போக்குதான் என்னை அதிகம் எரிச்சலூட்டுகிறது. தினமும் ஒழுகினால் கூடப் பரவாயில்லை என்றிருக்கிறது.

வடிகட்டியைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினேன். அதன் அடியிலுள்ள குழியில் துழாவியதில் ஒரு லேபிள் காகிதத் துண்டு கிடைத்தது, வேறொன்றும் இல்லை. கதவு ரப்பரில் வெடிப்பு எதுவும் தெரியவில்லை. தண்ணீரை வெளியேற்றும்போது பம்பின் சத்தம் பழையபடியே கேட்கிறது.

தேவைப்படுமோ என்னவோ, இதையும் சொல்லிவைக்கிறேன்: அண்மையில் சிங்க்குக்குக் கீழே ஒழுகிக்கொண்டிருந்த கழிவுக் குழாயை பிளம்பர் ஒருவர் மாற்றினார். டிஷ்வாஷரை அவர் தொடவில்லை.

இது ஒரே கோளாறா, இரண்டு கோளாறா? பம்பை மாற்றத்தான் வேண்டுமா?


நடுக்கூடம் எழுதியது:

கதவடியில் தண்ணீர் என்றால் ரப்பர்தான். எங்கள் வீட்டிலும் அதே கதை. ரப்பரை மாற்றினோம், நின்றுவிட்டது. வெடிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இறுகிப்போயிருக்கும். பம்பு பற்றி எனக்குத் தெரியாது.


திருப்புளி எழுதியது:

ஈரத்தரை, எதையும் வாங்காதீர்கள். பாதி விடையை உங்கள் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். "ஓடி முடிந்தவுடன் காலி." பம்பு பழுதாகியிருந்தால் முடிந்தவுடனேயே தண்ணீர் நின்றிருக்கும், பாத்திரங்களும் அழுக்கு நீரில் அலசப்பட்டு மண்டியோடு இருந்திருக்கும். உங்கள் பம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. வெளியே போன தண்ணீரோ, வேறு எங்கிருந்தோ வந்த தண்ணீரோ இரவில் உள்ளே புகுகிறது. பார்க்கவேண்டியது அந்தப் பாதையைத்தான்.

புகுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வடிகுழாயில் தங்கிய தண்ணீரே பின்னால் வழிவது. இதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. உள்விட்டம் 2 செ.மீ. உள்ள குழாய் 2 மீட்டர் நீளம் இருந்தால் அதன் மொத்தக் கொள்ளளவே சுமார் 600 மி.லி.தான். அதிலும் குழாய் மேலேறும் பகுதியில் உள்ளது மட்டுமே திரும்பி வரமுடியும். அப்படி வரும் தண்ணீர் கடைசி அலசலின் தண்ணீர் என்பதால் ஓரளவு தெளிவாகவும் இருக்கும். உங்களுடையது சாம்பல் நிறம், எண்ணெய்ப் படலம், சிங்க் வாடை. ஆகவே இரண்டாவது வழியைத்தான் நான் சந்தேகிக்கிறேன்: சிங்க்கின் கழிவுநீர் வடிகுழாய் வழியாக டிஷ்வாஷருக்குள் இறங்குகிறது.

இறங்குவதில் வியப்பு ஒன்றுமில்லை. இயந்திரத்தின் அடித்தளம் தரையை ஒட்டி இருக்கிறது, சிங்க் இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரு குழாய் இணைக்கிறது. தண்ணீரைத் தடுத்து நிறுத்த ஒரு மேடு வேண்டும். அதனால்தான் வடிகுழாயை இயந்திரத்திலிருந்து நேராகக் கழிவுக் குழாய்க்குக் கொண்டுபோகாமல், முதலில் மேடைப் பலகையின் அடிப்பக்கத்தைத் தொடும் அளவுக்கு உயர்த்தி, அங்கே ஒரு கொக்கியில் மாட்டி, பிறகு கீழே இறக்கி இணைப்பார்கள். சிங்க் மெதுவாக வடிந்து கழிவுக் குழாயில் தண்ணீர் ஏறி நின்றாலும் அந்த மேட்டைத் தாண்டி இந்தப்பக்கம் வரமுடியாது. மேடு இல்லாமல் குழாய் அலமாரியின் தளத்தில் கிடந்தால், நீங்கள் ஒவ்வொரு முறை சிங்க் அடைப்பானைத் திறக்கும்போதும் ஒரு பங்கு டிஷ்வாஷருக்குப் போகும்.

பிளம்பர் டிஷ்வாஷரைத் தொடவில்லை என்கிறீர்கள். சரி, வடிகுழாயையும் தொடவில்லையா? அதைக் கழற்றாமல் கழிவுக் குழாயை மாற்றியிருக்க முடியாது.

ஊகத்தை நம்பவேண்டாம், சோதித்துவிடுங்கள். டிஷ்வாஷர் அடியில் உள்ள தண்ணீரை ஸ்பஞ்சால் ஒற்றியெடுத்துக் காயவிடுங்கள். சிங்க்கை அடைத்து முக்கால் பங்கு நிரப்பி, அழுத்தமான நிறமுள்ள உணவுச் சாயத்தைக் கலக்குங்கள். அடைப்பானை ஒரேயடியாகத் திறந்துவிட்டு டிஷ்வாஷருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நிறம் வந்தால் பம்பு வழக்கு தள்ளுபடி.

கசிவைப் பற்றி இன்னொரு கேள்வி. தரை நனைந்த நாட்களில், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது யாராவது சிங்க்கைப் பயன்படுத்தினார்களா? யோசித்துச் சொல்லுங்கள்.

நடுக்கூடம் சொன்ன ரப்பரைப் பற்றி: பெரும்பாலான டிஷ்வாஷர்களில் பெரிய ரப்பர் இரு பக்கங்களிலும் மேலேயும்தான் ஓடும். அடிப்பக்கத்துக்கு அது வராது. அங்கே கதவின் கீழ்விளிம்பில் வேறொரு மெல்லிய பட்டை இருக்கும். எந்தப் பட்டை என்று கேட்காமல் ரப்பரை மாற்றினால் ஒழுகாத இடத்துக்குப் புது ரப்பர் கிடைக்கும்.


மொட்டைமாடி எழுதியது:

திருப்புளி சொல்வதில் எனக்கு இரண்டு ஐயங்கள். இந்த இயந்திரங்களில் பம்பின் வாயிலேயே ஒருவழி வால்வு இருக்கிறதே, அது திரும்பி வருவதைத் தடுக்காதா? இன்னொன்று, புரோகிராம் தொடங்கும்போது முதலில் பம்பு கொஞ்ச நேரம் ஓடித் தேங்கியதை வெளியேற்றிவிடும். அப்படியானால் இரவில் வந்து நின்ற தண்ணீருக்கும் மறுநாள் கசிவுக்கும் என்ன தொடர்பு?


திருப்புளி எழுதியது:

இரண்டும் நல்ல கேள்விகள். கேட்காமல் இருந்திருந்தால் நானே எழுதியிருக்கவேண்டும்.

ஒருவழி வால்வு என்று நாம் சொல்வது பெரும்பாலும் விரல்நகம் அளவுள்ள ஒரு ரப்பர் மடல். தண்ணீர் வெளியே தள்ளும்போது திறக்கும், அழுத்தம் நின்றதும் விழுந்து மூடிக்கொள்ளும். மூடும் இடத்தில் ஒரு விதையோ லேபிள் காகித நாரோ உட்கார்ந்துகொண்டால் முழுதாக மூடாது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி விறைத்தாலும் அப்படித்தான். வால்வு நன்றாக இருக்கும்வரை குழாய் தரையில் கிடப்பது வெளியே தெரியாது. குழாய் மேலே இருக்கும்வரை வால்வு கெட்டது அவ்வளவாகத் தெரியாது. இரண்டும் கைவிட்டால்தான் சிங்க் தண்ணீர் உள்ளே நிற்கும். வால்வை எட்டவேண்டுமானால் பல இயந்திரங்களில் பம்பைக் கழற்றவேண்டும். குழாயை மேலே தூக்கிக் கட்டக் கால் மணி நேரம் போதும். அதனால் அதிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

இரண்டாவது கேள்விதான் இதில் சுவையானது. தொடக்கத்தில் பம்பு ஓடித் தேக்கத்தை இறைத்துவிடும் என்பது உண்மை. ஆகவே இரவுத் தண்ணீர் மறுநாள் கசிவுக்குக் காரணமாக முடியாது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே வரும் தண்ணீர் காரணமாக முடியும். இன்றைய இயந்திரங்கள் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 3 முதல் 4 லிட்டர் வரை நிரப்பிக்கொண்டு அதையே சுழற்றிச் சுழற்றி அடிக்கின்றன. பலவற்றில் உள்ளே வரும் தண்ணீரை நுழைவாயிலில் உள்ள ஒரு சிறு சக்கரம் அளக்கும். சிங்க் பக்கமிருந்து பின்வாசல் வழியாக வந்த தண்ணீர் அந்தக் கணக்கில் ஏறாது. மட்டம் உயர்ந்து, கீழே சுழலும் கை தண்ணீரை அடிக்க அடிக்க, அலை கதவின் கீழ்விளிம்பைத் தாண்டும். ரப்பர் புத்தம் புதிதாக இருந்தாலும் தாண்டும். இதனால்தான் சிங்க்கை எப்போது பயன்படுத்தினீர்கள் என்று கேட்டேன்.

எல்லா இயந்திரங்களிலும் இப்படி வழியும் என்று சொல்லவில்லை. மிதவையோ அழுத்த உணரியோ உள்ளவை மட்டம் ஏறியதும் நின்று இறைக்கத் தொடங்கிவிடும்.


ஈரத்தரை எழுதியது:

சோதித்துவிட்டேன். நீலம்!

சிங்க் அடைப்பானைத் திறந்து, உள்ளே குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரம் ஒன்றும் இல்லை. சிங்க் பாதி வடிந்த பிறகு வடிகட்டியின் பக்கவாட்டிலிருந்து ஒரு நீலக் கோடு மெதுவாகத் தலைநீட்டியது. பிறகு குழி முழுவதும் நீலமாகி, வடிகட்டியின் வளையம் வரை ஏறி நின்றது. பம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இயந்திரத்தின் பிளக் அப்போது சுவரிலிருந்து பிடுங்கிக் கிடந்தது.

சிங்க் அடியில் இருந்த பொருள்களையெல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தேன். வடிகுழாய் பக்கச் சுவரிலுள்ள ஓட்டை வழியாக வந்து, அலமாரித் தளத்தில் பாம்பாகப் படுத்து, பிளம்பர் மாற்றிய புது வளைகுழாயின் (சிங்க் கழிவுக் குழாயின் வளைந்த பகுதி) மூக்கில் போய்ச் செருகியிருக்கிறது. மேடைப் பலகையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி காலியாகத் தொங்குகிறது. அது எதற்கென்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

சிங்க் கேள்விக்கும் விடை கிடைத்தது. இயந்திரத்துக்குள் கொள்ளாத பெரிய பாத்திரங்களை நான் கையால் தேய்ப்பேன். டிஷ்வாஷரைப் போட்டுவிட்டு அந்த வேலையைத் தொடங்கும் நாட்களில்தான் தரை நனைகிறது. எல்லா வேலையும் முடித்துப் படுக்கப்போகும் நேரத்தில் அதைப் போட்டால் தரை காய்ந்திருக்கிறது. வீட்டில் எல்லோரையும் விசாரித்து உறுதிசெய்துகொண்டேன்.

இடறுவது ஒன்றுதான். ஒரு மதியம் இயந்திரம் ஓடும்போது சிங்க்கை யாரும் தொடவில்லை, அன்றும் இடது மூலையில் கொஞ்சம் தண்ணீர். ஒரு கையளவுதான், தெளிவான தண்ணீர். அது எங்கிருந்து வந்தது?


திருப்புளி எழுதியது:

அந்தக் கையளவு தண்ணீரைத் தனி வழக்காகப் பதிவு செய்யுங்கள். பெரியதைத் தீர்த்த பிறகு சிறியதைத் தேடுவதுதான் வசதி. இரண்டும் சேர்ந்து ஒழுகும்போது எதுவும் பிடிபடாது.

முதலில் குழாய். கொக்கியில் மாட்டும்போது வளைவு அகலமாக இருக்கட்டும். இறுக்கி மடித்தால் நெளிவுகுழாய் மடிந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் உண்மையாகவே தண்ணீர் வெளியேறாது. மேலே இழுத்த பிறகு மூக்கில் உள்ள கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றவேண்டி வந்தால் கீழே ஒரு வாளி வையுங்கள். கழற்றும்போது மூக்கின் உள்ளேயும் ஒரு பார்வை பாருங்கள். புது வளைகுழாய்களில் அந்த மூக்கு உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தடுப்போடு வரும். அதை வெட்டியெடுத்த பிறகே குழாயைச் செருகவேண்டும். சிலர் நடுவில் பென்சில் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். தண்ணீர் போகும், ஆனால் அந்த ஓட்டையில் சீக்கிரமே பிசுக்கு சேரும்.

மாட்டி முடித்ததும் சாயச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். உள்ளே நிறம் வராவிட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

பிறகு மூலைக் கசிவு. பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் வால்வை மூடிவிட்டு, கதவுக்குக் கீழே உள்ள முகப்புத் தகட்டின் திருகுகளைக் கழற்றுங்கள். பாத்திரத் தொட்டிக்கும் கீழே உள்ள அடித்தட்டில் ஈரம் இருக்கிறதா? அங்கே தண்ணீர் சேர்ந்தால் ஒரு மிதவை உயர்ந்து இயந்திரம் கோளாறு காட்டி பம்பை விடாமல் ஓட்டும். உங்களுக்கு அப்படி எதுவும் நேராததால் அடித்தட்டு உலர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். உலர்ந்திருந்தால் குழாய் இணைப்புகள், பம்பின் சீல் எல்லாம் தப்பித்தன. தண்ணீர் கதவு வழியாகத்தான் வருகிறது.

கதவு வழியாக என்றால் நான் பார்க்கும் வரிசை வேறு. ரசமட்டத்தைக் கதவின் உள்விளிம்பில் வையுங்கள்; இயந்திரம் முன்பக்கம் சாய்ந்திருந்தால் முன்கால்களைத் திருகி உயர்த்துங்கள். அடுத்து, கீழே சுழலும் கையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது மேல்தகடும் கீழ்தகடுமாக ஒட்டப்பட்ட பொருள். பல வருடம் சுடுநீரில் சுழன்ற பிறகு ஓரத்து ஒட்டு பிரியும். பிரிந்த இடத்திலிருந்து ஊசி போன்ற தாரை பக்கவாட்டில் கிளம்பிக் கதவின் கீழ்மூலையைக் குறிபார்த்து அடிக்கும். பக்க ரப்பர் முடிந்து அடிப்பட்டை தொடங்கும் இடம் அந்த மூலைதான். அங்கே தாரை நேராக அடித்தால் எந்த ரப்பரும் தாங்காது. பழுது உள்ளே, பழி ரப்பருக்கு. நான் பார்த்த வீடுகளில் இந்த அநியாயம் அடிக்கடி நடக்கிறது.

நுரையும் ஒரு காரணம். ரின்ஸ் எய்டு (கடைசி அலசலில் சேரும் திரவம்) பெட்டியின் மூடி சரியாக மூடாவிட்டால் திரவம் ஒழுகி நுரைக்கும், நுரை எந்த இடுக்கிலும் நுழையும். ஓட்டத்தின் நடுவில் நிறுத்திக் கதவைத் திறந்தால் தெரிந்துவிடும். சூடான ஆவி வரும், முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.


கொல்லைப்புறம் எழுதியது:

இதே அறிகுறியோடு வருபவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் சிங்க்குக்குக் கீழே உணவுக் கழிவை அரைக்கும் இயந்திரம் இருக்கிறது, வடிகுழாய் அதில்தான் போய்ச் சேர்கிறது. புது அரைப்பான் பொருத்திய அன்றிலிருந்து டிஷ்வாஷரிலிருந்து ஒரு சொட்டும் வெளியேறவில்லை. அதன் மூக்கிலும் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு இருக்கிறது. டிஷ்வாஷர் இல்லாத வீட்டில் அது அப்படியே இருக்கவேண்டும். உள்ள வீட்டில் தட்டி உடைத்து, உடைந்த துண்டை அரைப்பானிலிருந்து வெளியே எடுத்துவிடவேண்டும். எங்களுக்குப் பொருத்தியவர் உடைக்கவில்லை. இது ஈரத்தரையின் பிரச்சினை அல்ல. ஓடி முடிந்தவுடனேயே தண்ணீர் நிற்கிறவர்கள் பம்பைச் சபிப்பதற்கு முன் அங்கே பார்க்கலாம்.

சில வீடுகளில் சிங்க் விளிம்பில் கழிவுநீர் டிஷ்வாஷருக்குத் திரும்பாமல் தடுக்கும், குமிழ் போன்ற காற்று இடைவெளிக் குழாய் இருக்கும். அதன் வாயிலிருந்து தண்ணீர் கொப்பளித்தால், அங்கிருந்து கழிவுக்குப் போகும் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். டிஷ்வாஷர் நிரபராதி.


நடுக்கூடம் எழுதியது:

அப்படியானால் எங்கள் வீட்டில் ரப்பரை மாற்றியதும் நின்றது எப்படி?


திருப்புளி எழுதியது:

உங்கள் ரப்பர் உண்மையிலேயே கெட்டிருக்கலாம். ரப்பரே கெடாது என்று நான் சொல்லவில்லையே! ஒரு காகிதத் துண்டை ரப்பருக்கும் கதவுக்கும் நடுவே வைத்து மூடி, இழுத்துப் பார்த்தால் தெரியும்; வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. மாற்றும்போது மெக்கானிக் கதவின் தாழ்ப்பாளையும் சரிசெய்திருக்கலாம், அதுவும் பிடிப்பைக் கூட்டும்.


ஈரத்தரை எழுதியது:

குழாயைக் கொக்கியில் மாட்டியாயிற்று. மூக்கின் உள்ளே தடுப்பு அரைகுறையாகத்தான் வெட்டப்பட்டிருந்தது. பிசிறு பிசிறாக நின்ற ஓரத்தில் ஏற்கெனவே ஒரு நூல் சிக்கியிருந்தது. கத்தியால் சுத்தமாகச் சீவியெடுத்துவிட்டேன். சாயச் சோதனையில் டிஷ்வாஷர் அடியில் ஒரு நீலத் துளிகூட இல்லை. சிங்க்கை விளிம்பு வரை நிரப்பியும் பார்த்தேன்.

அடித்தட்டு காய்ந்தே இருந்தது. தூசிகூட நனையவில்லை. கீழே சுழலும் கையைக் கழற்றி ஜன்னலுக்கு எதிரே பிடித்தபோது, ஒரு முனையில் ஒட்டு பிரிந்து விரற்கடை நீளத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. இரண்டு விரலால் அழுத்தினால் வாய் திறந்து மூடுகிறது. புதியதைச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை பழையதைப் போட்டே ஓட்டுகிறேன், மூலையில் ஒரு துணியோடு. சிங்க்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஓட்டியும் பார்த்துவிட்டேன். அந்தப் பெரிய வழிதல் இப்போது இல்லை, மூலையில் கையளவு மட்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. ஒருவழி வால்வு சரியாக மூடவில்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது. அதையும் மாற்றிவிடட்டுமா?


திருப்புளி எழுதியது:

இப்போதைக்கு வேண்டாம். முதலில் வெறும் இயந்திரத்தை மிகச் சூடான புரோகிராமில் ஒரு தடவை ஓட்டுங்கள். பிசுக்குதான் காரணமென்றால் மடல் இளகித் தானாகவே மூடத் தொடங்கும். அதற்குப் பிறகு வடிகட்டிக் குழியில் காலையில் நிற்கும் தண்ணீரைக் கவனியுங்கள். கொஞ்சம் நிற்பது இயல்பு. பம்பின் சீல் காயாமல் இருக்க அது வேண்டும், அதை ஒற்றியெடுக்கவேண்டியதில்லை. வடிகட்டியின் விளிம்பைத் தொடும் அளவுக்கு, தெளிவான தண்ணீராக ஏறினால் அது குழாயிலிருந்து திரும்பியது. அப்போது பம்பைக் கழற்றும் மெக்கானிக்கிடம் வால்வை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பம்பின் சக்கரத்தைக் கையால் திருப்பினால் விட்டுவிட்டுத் துள்ளித்தான் சுற்றும், உள்ளே காந்தம் இருப்பதால். அதைக் காட்டி "பம்பு சிக்குகிறது" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள்.